எட்டாவது தாள்

கோகிலவாணி முப்பத்தோரு வருடமாக 'கோ' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். தாளின் இடது மூலையில் கடுகு அளவுக்கு ஒரு கோ, அதன் கீழே தேதி. உதவியாளர் பதவியில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் உரிமை கிடையாது. கடிதத்தை யோசிப்பதும் எழுதுவதும் திருத்துவதும் தட்டச்சு செய்வதும் அவர்கள்தான் என்றாலும், வலது பக்கத்தில் முழுப் பெயரை எழுதி அடியில் கோடு இழுப்பது கண்காணிப்பாளர் ஆனவர்களுக்கு மட்டும் வாய்க்கிற பாக்கியம். விடுப்புக் கேட்டு எழுதும்போது அவளும் முழுப் பெயர் போடலாம். ஆனால் அது கேட்கிறவளின் கையெழுத்து. கொடுக்கிறவளின் கையெழுத்து வேறு. அந்த இரண்டாவது கையெழுத்தை அவள் எப்போதோ தயார் செய்து வைத்திருந்தாள். கேஸ் ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதிப் பழகியது. பெயரின் கடைசிக் கொக்கியைச் சுழற்றிப் பின்னால் கொண்டுபோய் முதலெழுத்தின் காலில் முடிச்சுப் போடுகிற மாதிரி இருக்கும். அதை ஒரே ஒரு தடவை ஆபீஸ் தாளில் போட்டுவிட்டு ஓய்வு பெற்றால் போதும் என்பது அவள் ஆசை. ஓய்வுக்குப் பத்து மாதம் இருந்தது.

அவள் வேலை பார்த்த இடம் மாநிலப் புளி மேம்பாட்டு வாரியத்தின் தருமபுரி மாவட்ட அலுவலகம். மாவட்டத்தில் இருக்கிற புளிய மரங்களை வருடத்துக்கு ஒரு முறை எண்ணி மேலே எழுதுவது வாரியத்தின் தலையாய பணி. சாலையை அகலமாக்குகிறோம் என்று மரங்களை வெட்டித் தள்ளிய பிறகு எண்ணுகிற வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால் வாரியம், எண்ணுகிறவர்களை எண்ணுகிற வேலையில் முழுமூச்சாக இறங்கியிருந்தது.

அதாவது சீனியாரிட்டிப் பட்டியல். தருமபுரிக்கு ஒன்று, பொம்மிடிக்கு ஒன்று, மாரண்டஹள்ளிக்கு ஒன்று என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. பட்டியலில் முதலில் இருப்பவருக்கு அடுத்த பதவி உயர்வு. ஒருவரை நிர்வாக நலன் கருதி வேறு பிரிவுக்கு மாற்றினால் அவருடைய மூப்பும் அவரோடு பஸ் ஏறி வரும். அவரே விரும்பிக் கேட்டுப் போனால் மூப்பு பழைய ஊரிலேயே நின்றுவிடும். முப்பது வருடம் குப்பை கொட்டியவராக இருந்தாலும் போன இடத்தில் அவர் கடைசி ஆள். நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் பின்னால். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். வாரியத்தின் எல்லா விதிகளும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

கோகிலவாணி வேலையில் சேர்ந்தது பொம்மிடியில். பதினான்கு வருடம் அங்கே இருந்து, பட்டியலில் முதலிடத்துக்கு வந்து, அடுத்த கண்காணிப்பாளர் அவள்தான் என்று ஆன மாதத்தில், சேலத்தில் வீடு கட்டிய ஒருவருக்கு ரயிலில் வந்துபோக வசதியாகப் பொம்மிடி தேவைப்பட்டது. ரயில் நிலையத்தை நகர்த்த முடியாது என்பதால் கோகிலவாணியைத் தருமபுரிக்கு நகர்த்தினார்கள். புது இடத்தில் சேருகிறவர் ஒன்பது தாள்களில் கையெழுத்துப் போட வேண்டும். குடும்ப விவரம், ரத்த வகை, புளி வியாபாரம் செய்வதில்லை என்ற உறுதிமொழி என்று வரிசையாகப் போகும். எட்டாவது தாளில் ஒரே ஒரு வரி இருக்கும்: 'இந்த இடமாறுதலை நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் கோரிப் பெற்றேன்.'

அந்த வரியை எழுதியது வேறு யாருமில்லை, கோகிலவாணிதான்.

தொண்ணூற்றொன்பதில் பொம்மிடியில் இருந்த அலுவலர் ஒருவர், யாரையோ நிர்வாக நலன் கருதி மாற்றி ஆணை போட்டார். 'என்ன நலன்?' என்று சென்னைத் தலைமையகம் கேட்டது. மனிதர் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்து யோசித்தும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், அப்போது வேலையில் சேர்ந்து ஐந்தே வருடமாகியிருந்த கோகிலவாணி, "அவுங்களே கேட்டாங்கன்னு ஒரு தாள் வாங்கிட்டா காரணமே எழுத வேண்டாங்களே சார்" என்று சொல்லி, தானே தட்டச்சும் செய்து கொடுத்தாள். அலுவலர் அன்றைக்கு இரண்டு சாப்பாடு சாப்பிட்டார். தலைமையகம் அந்தத் தாளை மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கியது. அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும், சட்டம் போட்ட புளிய மரப் படமும் வந்தன. ஒன்பது வருடம் கழித்து அதே தாள் அவள் முன்னால் வந்தபோது, தான் எழுதியதைத் தானே எதற்குப் படிக்க வேண்டும் என்று ஒன்பதிலும் மடமடவென்று கையெழுத்துப் போட்டாள். தருமபுரிப் பட்டியலில் கடைசிப் பெயர் ஆனாள்.

அவளுக்கு எட்டு மாதம் முன்னால் தருமபுரியில் சேர்ந்திருந்த பெண் யுவராணி. கோப்பில் கயிறு கோப்பதிலிருந்து குறிப்பு எழுதுவது வரை கோகிலவாணிதான் அவளுக்குக் கற்றுக் கொடுத்தாள். இன்று யுவராணி கண்காணிப்பாளர். நல்ல பெண், நன்றியுள்ளவள். இப்போதும் ஒரு குறிப்பு எழுத வேண்டுமென்றால், "அக்கா, இத என்னான்னு எழுதறதுக்கா?" என்று கேட்டு, கோகிலவாணி எழுதிக் கொடுத்ததும் வலது பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்வாள்.

இந்த வருடம் தருமபுரியில் இன்னொரு கண்காணிப்பாளர் இடம் காலியானது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலில் கோகிலவாணி மூன்றாவது. பொம்மிடியிலிருந்து வந்தது நிர்வாக நலன் என்று திருத்தினால் அவள்தான் முதல். மனு எழுதி எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலர் மாதவராஜின் அறைக்குப் போனாள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் மாதவராஜ். நாற்காலியில் கோப்புகள் உட்கார்ந்திருந்ததால் அவள் நின்றாள்.

"உங்களுக்கு நடந்தது அநியாயம்னு நான் சொல்ல மாட்டேன். அநியாயம் இல்லைன்னும் சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு முடிவுகூட நான் எடுத்ததில்லீங்கம்மா. அதனாலதான் என்மேல ஒரு சின்னக் கறை கிடையாது. எங்கிட்ட வர்ற கோப்பு எப்பிடி வருதோ அப்பிடியே போவும். தண்ணிகூட அவ்ளோ சுத்தமாப் போவாது."

"நான் பொம்மிடிய வுட்டு வரணும்னு கேக்கவே இல்லீங்க சார்."

"உங்க வூடு எங்க இருக்குது?"

"அதியமான்கோட்டைங்க."

"பொம்மிடியில இருந்து தருமபுரிக்கு வந்ததுல வூடு கிட்ட ஆச்சா, தூரம் ஆச்சா?"

"கிட்டத்தாங்க ஆச்சு."

"கிட்ட ஆனா மனுசனுக்கு சந்தோஷமா, துக்கமா?"

அவள் மனுவை மேஜையில் வைத்தாள்.

"சந்தோஷத்த விருப்பம்னு சொல்லாம வேற என்னான்னும்மா சொல்றது?" என்று முடித்தார் மாதவராஜ். "இருந்தாலும் மனுவ நான் மதிக்கிறேன். முறைப்படி கீழ அனுப்பறேன்."

மனு முறைப்படி கீழே போனது. மாதவராஜ் யுவராணிக்குக் குறித்தார். யுவராணி, பணியாளர் விவகாரங்களைப் பார்க்கிற அ1 இருக்கைக்குக் குறித்தாள். அ1 இருக்கையில் இருந்தது கோகிலவாணி. காலையில் கொடுத்த மனு சாயங்காலம் அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

"அக்கா, உங்க மனுதான். என்னான்னு எழுதறதுக்கா?" என்றாள் யுவராணி.

விதிப்படி முதலில் விசாரணை நடத்த வேண்டும். விசாரணை அதிகாரி மாதவராஜ். அவர் கேட்க வேண்டிய பன்னிரண்டு கேள்விகளை அ1 தயார் செய்து கொடுக்க வேண்டும். கோகிலவாணி தயார் செய்தாள். விசாரணை நாளன்று மாதவராஜ் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய வூட்லயே வச்சுட்டு வந்துட்டேன். கேள்வியெல்லாம் நீங்களே படிச்சுடுங்கம்மா" என்றார். ஆனால் கேட்கிறவர் மேஜைக்கு இந்தப் பக்கமும் பதில் சொல்கிறவர் அந்தப் பக்கமும் இருக்க வேண்டும் என்பது விசாரணை நடைமுறை. நடைமுறையில் சமரசம் செய்துகொள்ள மாதவராஜ் தயாராக இல்லை. ஆகவே கோகிலவாணி இந்தப் பக்கம் நின்று கேள்வியைப் படித்தாள். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்று பதில் சொன்னாள். யுவராணியால் அந்த வேகத்துக்கு எழுத முடியாமல் போனதால், நடுநடுவே ஓரமாக நின்று பதிவும் செய்துகொண்டாள்.

ஒன்பதாவது கேள்வி: 'எட்டாவது தாளைத் தாங்கள் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டீர்களா?'

கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போனவள், சேலைத் தலைப்பை இன்னொரு முறை சரிசெய்துகொண்டாள். மாதவராஜ் மணியைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றாள் கோகிலவாணி.

"அருமையான கேள்வி" என்று மாதவராஜ் காலியாக இருந்த இந்தப் பக்கத்தைப் பார்த்துப் பாராட்டினார்.

எல்லாவற்றையும் வைத்துக் கோகிலவாணி குறிப்பு எழுதினாள். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மனுதாரர் இடமாறுதல் கோரியதற்கு எட்டாவது தாளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை, அவருக்குப் பதிலாக வந்தவரின் வேண்டுகோள் கடிதம் கோப்பின் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே மனுவை ஏற்கலாம். இடது மூலையில் கோ. யுவராணி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். மாதவராஜும் வழக்கம்போலப் படிக்காமல் போட்டிருப்பார். அன்றைக்குப் பார்த்து மின்சாரம் போய், செல்போனிலும் சார்ஜ் இல்லாமல், பொழுது போகாமல் கோப்பைப் படித்துவிட்டார்.

"யுவராணி! இந்தக் குறிப்ப எழுதுனது யாரு?"

"அக்காதாங்க சார்."

"மனு குடுத்தது யாரு?"

"அக்காதாங்க."

மாதவராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஒருத்தி தன் கோப்பைத் தானே பார்ப்பதா? வாரியத்தின் நடுநிலை என்ன ஆவது? நாளைக்குச் சென்னையில் கேட்டால் என்ன பதில் சொல்வது? கோப்பை வேறு இருக்கைக்கு மாற்றலாம் என்றாள் யுவராணி. ஆனால் அந்த அலுவலகத்தில் சீனியாரிட்டி விதிகள் தெரிந்தவர் கோகிலவாணி ஒருத்திதான். கோப்பை மாற்ற முடியாது. ஆளைத்தான் மாற்ற முடியும்.

"உங்க நன்மைக்குத்தாம்மா" என்றார் மாதவராஜ். "நீங்க இங்க இருக்கிற வரைக்கும் உங்க மனு நேர்மையா நடக்காது. அதனால உங்கள மாரண்டஹள்ளிக்குப் போட்டிருக்குது."

ஓய்வுக்கு ஒரு வருடத்துக்குள் இருப்பவரை மாற்றக் கூடாது என்று வாரியத்தில் ஒரு விதி உண்டு, அவரே விரும்பிக் கேட்டால் ஒழிய. ஒன்பது தாள்கள் மேஜையில் தயாராக இருந்தன. கோகிலவாணி எட்டாவதைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"இது நிர்வாக நலன்தானுங்களே சார். எட்டாவது தாள் எதுக்குங்க?"

"நிர்வாக நலன்னா காரணம் எழுதணும். காரணம் என்னா? உங்க மனு. மனுவ உங்க விருப்பத்துல குடுத்தீங்களா, யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களா?"

"நானாத்தாங்க குடுத்தேன்."

"அப்ப அதனால வர்ற மாறுதல் யாரு விருப்பம்?"

"மாரண்டஹள்ளி எங்க வூட்டுக்கு ரொம்பத் தூரங்க சார். ரெண்டு பஸ்ஸு மாறணும்."

"பாருங்க, நீங்களே சொல்லிட்டீங்க. அவ்ளோ தூரத்துக்கு விரும்பாம ஒருத்தரு போவாங்களா?"

கிட்டே வந்தாலும் விருப்பம், தூரப் போனாலும் விருப்பம். எந்தப் பக்கம் நடந்தாலும் அதே சுவரில் முட்டிக்கொள்கிற நியாயம் இது. கையெழுத்து இல்லாவிட்டால் பணியேற்பு கிடையாது, வராத நாளாகக் கணக்காகும் என்று மாதவராஜ் அன்பாக எடுத்துச் சொன்னார். போட்டாள்.

மாரண்டஹள்ளி அலுவலகம் காய்கறி மண்டிக்கு மேலே வாடகை மாடியில் இருந்தது. கீழே தக்காளிப் பெட்டிகளை ஏலம் விடுகிற சத்தத்தில் மேலே யாரும் யாரையும் கூப்பிட முடியாது என்பதால் வேலை அமைதியாக நடந்தது. பிரிவு அலுவலர் கலைவாணன் மரியாதையான மனிதர். முதல் நாளே சீனியாரிட்டிப் பட்டியலை எடுத்துக் காட்டினார். ஐந்து பெயர். ஐந்தாவது கோகிலவாணி. முதல் பெயர் கருப்பண்ணன்.

"கருப்பண்ணன் எறந்து ரெண்டு வருஷம் ஆச்சுங்களே சார். நானே சாவுக்கு வந்திருந்தனே."

"எனக்கும் தெரியுங்க. ஆனா வாய்மொழியாத்தான் தெரியும். எழுத்துல யாரும் தெரியப்படுத்தல. அவுரும் தெரியப்படுத்தல."

"செத்தவரு சீனியாரிட்டில மொதல்ல இருக்கலாங்களா?"

கலைவாணன் பொறுமையாக விளக்கினார். "கொஞ்சம் யோசிங்கம்மா. சீனியாரிட்டி எப்பப் போவும்? ஒருத்தரு சொந்த விருப்பத்துல எடத்த வுட்டு எடம் போனாப் போவும். கருப்பண்ணன் எங்கியும் போவலீங்களே. இதே நாற்காலில உக்காந்தே செத்தாரு. அதுவும் விரும்பிச் சாவல. அவுரு சீனியாரிட்டி எப்பிடிங்க போவும்? போன மாசம் அவுருக்குத்தான் கண்காணிப்பாளர் பதவி உயர்வு ஆணை அனுப்பியிருக்குது. இன்னும் வந்து சேரல."

கோகிலவாணி ஐந்தாவது இடத்திலிருந்து முதல் இடத்தைப் பார்த்தாள். உயிரோடு இருந்தது அவள் செய்த முதல் தப்பு. பஸ் ஏறியது இரண்டாவது தப்பு.

பத்து நாளில் தருமபுரியிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அவளுடைய மனு, அவளுடைய விசாரணை, அவளுடைய குறிப்பு. மேலே யுவராணியின் சின்னச் சீட்டு: 'அக்கா, இங்கே யாருக்கும் தெரியவில்லை. நீங்கள்தான் பார்த்து எழுத வேண்டும் என்று சார் சொன்னார்.'

கலைவாணன் கோப்பை அவள் மேஜையில் வைத்தார். "விதிப்படி எழுதுங்கம்மா."

விதிப்படி இப்போது ஒரே ஒரு பதில்தான் இருந்தது. மனுதாரர் தற்போது தருமபுரிப் பிரிவில் இல்லை. அங்கிருந்து சொந்த விருப்பத்தின் பேரில் வெளியேறியிருக்கிறார். எட்டாவது தாள் இணைப்பில் உள்ளது. இல்லாத இடத்தின் மூப்பைக் கோர அவருக்கு முகாந்திரம் இல்லை. நிராகரிக்கலாம். இரண்டு பக்கத்துக்கு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி இடது மூலையில் கோ போட்டாள். கலைவாணன் படித்துவிட்டு நெகிழ்ந்துபோனார்.

"தனக்கு எதிரா இவ்ளோ சுத்தமா ஒருத்தரு எழுதி நான் பாத்ததில்லீங்க."

"இது என் சொந்தக் கோப்பு இல்லீங்களா சார்? நான் எழுதலாங்களா?"

"உங்களுக்கு ஆதரவா எழுதுனாத்தாம்மா சொந்தக் கோப்பு. எதிரா எழுதுனா அது கடமை."

நிராகரிப்பு ஆணையைத் தட்டச்சு செய்தவள் அவள். அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டவள் அவள். உறையில் போட்டு ஒட்டி, 'பெறுநர்: திருமதி கு. கோகிலவாணி' என்று எழுதி, அந்த உறையைத் தன்னிடம் தானே ஒப்படைத்தவளும் அவள்தான். பெற்றுக்கொண்டதற்கு முழுக் கையெழுத்து வேண்டும் என்றார் கலைவாணன். கேஸ் ரசீதில் பழகிய கையெழுத்தை, கொக்கி காலில் முடிச்சுப் போடுகிற அந்தக் கையெழுத்தை, வாரியத்தின் தாளில் அவள் அன்றைக்குத்தான் போட்டாள். மேஜை ஆடியது. முடிச்சு சரியாக விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமந்தி பறித்துக்கொண்டிருக்கும்போது கணவன் குப்புராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றரை ஏக்கர் சாமந்தியும் நான்கு மாடும் வைத்திருக்கிற குப்புராஜுக்கு ஆபீஸ் விவகாரம் எதுவும் புரியாது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தாள மொதல்ல டைப் அடிச்சது நீதான?"

"நாந்தான்."

"அதுல உன்னாட்டம் எத்தினி பேரு கையெழுத்துப் போட்டிருப்பாங்க?"

"மாநிலம் பூராத்துக்கும் தெரியாதுங்க. நானே நீட்டி வாங்குனது எரநூறுக்கு மேல இருக்கும்."

"படிச்சுப் பாத்துப் போடுங்கன்னு யாருக்காச்சும் சொன்னியா?"

அவள் அடுத்த பூவைப் பறித்தாள். குப்புராஜ் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். இருநூறு முகங்களில் பத்து முகங்கள்கூட அவளுக்கு நினைவில் இல்லை. பேனாவைத் தேடுகிற கைகளும், "எங்கீங்க போடணும்?" என்ற கேள்வியும்தான் நினைவிருந்தன. விரலை வைத்துக் காட்டியது அவள். அவளுக்கு அவமானமாக இருந்தது. பதவி உயர்வு போனபோதுகூட அப்படி இருக்கவில்லை.

அடுத்த மாதம் பொம்மிடியிலிருந்து இடமாறுதலில் கனிமொழி என்ற பெண் வந்தாள். பதினோரு வருட சர்வீஸ், பொம்மிடிப் பட்டியலில் முதல் பெயர், அடுத்த மாதம் பதவி உயர்வு. சேலத்தில் இன்னொருவர் வீடு கட்டியிருந்தார். கனிமொழி அழுது முடித்த முகத்தோடு வந்து உட்கார்ந்து, பேனாவை எடுத்துக்கொண்டு, "எங்கீங்கக்கா போடணும்?" என்றாள்.

கோகிலவாணி ஒன்பது தாள்களையும் எடுத்தாள். எட்டாவதை உருவினாள். நான்காக மடித்தாள். அவளுடைய மேஜை வந்த நாள் முதலாக ஒரு காலில் ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து அந்தக் காலுக்கு அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது.

"ஒம்போதுன்னு சொன்னாங்களேக்கா?"

"எட்டுதாம்மா. ஒவ்வொண்ணையும் படிச்சுப் பாத்துட்டுப் போடு. நாளைக்கு யாராச்சும் இன்னொரு தாள நீட்டுனா அதையும் படிச்சுப் பாரு. அவசரமில்ல."

பணியேற்பு அறிக்கையில் முத்திரை குத்தி அன்றைக்கே சென்னைக்கு அனுப்பிவிட்டாள். சென்னையில் யாரும் தாளைப் படிக்க மாட்டார்கள், ஆனால் எண்ணுவார்கள். எட்டுதான் இருந்தது. எட்டாவது தாள் இல்லையென்றால் நிர்வாக நலன். நிர்வாக நலன் என்றால் என்ன நலன் என்று கேட்டு மாதவராஜுக்குக் கடிதம் வந்தது.

மாதவராஜ் காரில் மாரண்டஹள்ளிக்கே வந்துவிட்டார். கனிமொழியைக் கூப்பிட்டு எட்டாவது தாளை நீட்டினார். அவள் நின்ற இடத்திலேயே அதைப் படித்துவிட்டு, "நான் கேக்கலீங்களே சார்" என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் ஏற்கெனவே பணியேற்று முத்திரையும் விழுந்துவிட்டதால் அன்பாக எடுத்துச் சொல்ல வழியில்லை. வாரியத்தின் வரலாற்றில் அந்தத் தாளை அதுவரை யாரும் படித்ததில்லை என்பதால், படித்தவரை என்ன செய்வது என்று விதியும் இல்லை.

மாதவராஜும் கலைவாணனும் அறையைச் சாத்திக்கொண்டு காரணம் எழுத உட்கார்ந்தார்கள். மாரண்டஹள்ளியில் பணிச்சுமை அதிகம் என்று எழுதினார்கள். எண்ணியதில் இந்தப் பிரிவில் மிச்சமிருக்கும் புளிய மரம் பதினேழு என்பது நினைவுக்கு வந்ததும் அடித்தார்கள். பொம்மிடியில் பணிச்சுமை இல்லை என்று எழுதினார்கள். அப்படியானால் சேலத்துக்காரரை அங்கே எதற்குப் போட்டீர்கள் என்று கேட்பார்கள், அதையும் அடித்தார்கள். "நெசமான காரணத்த எழுதிட்டா என்னாங்க சார்?" என்று கலைவாணன் கேட்டது ஏலச் சத்தத்தையும் மீறி வெளியே கேட்டது. அதை எழுதாமலே அடித்தார்கள். மூன்றாம் நாள், காரணம் தெரிவிக்கப்படாததால் கனிமொழியைப் பொம்மிடிக்கே திருப்பி அனுப்பும்படி சென்னையிலிருந்து ஆணை வந்தது. மூப்பும் அவளோடு பஸ் ஏறியது.

அதன் பிறகு வாரியம் தன் கோபத்தை முறைப்படி காட்டியது. கோகிலவாணிக்குக் குறிப்பாணை. எட்டாவது தாளை வைக்காமல் விட்டது ஏன் என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், தவறினால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். அதை எழுதத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் அவளே எழுதினாள். 'கடமை தவறிய' என்ற இடத்தில் 'தெரிந்தே' என்ற சொல்லை அவள்தான் சேர்த்தாள். கலைவாணன் கையெழுத்துப் போட்டார். அவளே அனுப்பி, அவளே பெற்றுக்கொண்டாள்.

கலைவாணனுக்கு நல்ல மனசு. அன்று மாலையே அவள் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மறதில வுட்டுப்போச்சுன்னு எழுதிடுங்கம்மா. மறதிக்கு நம்ம வாரியத்துல தண்டனையே கிடையாது. நாங்கெல்லாம் அத வச்சுத்தான் சர்வீஸ் ஓட்டறோம். உங்களுக்கு இன்னும் ஏழு மாசம். பென்ஷன் நின்னுபோச்சுன்னா என்னா பண்ணுவீங்க?"

"பூப் பறிப்பனுங்க சார்" என்றாள் கோகிலவாணி.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மேஜை ஆடவில்லை. பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி எழுதினாள். விளக்கம் என்று எழுதி அடிக்கோடு இட்டாள். அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதி, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, வலது பக்கத்தில் முழுப் பெயரைப் போட்டாள். முடிச்சு இந்த முறை சரியாக விழுந்தது.

கலைவாணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார்.

'எட்டாவது தாளை நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் எடுத்தேன்.'